‘கண்மணி அன்போடு’ பாட்டு யாருக்குச் சொந்தம்?

கொடைக்கானலுக்குப் போய் குணா குகையைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று சொல்கிற மதுரைக்காரர்கள் பெரும்பாலும் குகையைப் பார்த்திருக்க மாட்டார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, பாம்புகள் மாதிரிப் பின்னிக் கிடக்கும் சோலை மரங்களின் வேர்களையும் அதற்கப்பால் தெரிகிற பாறை இருட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். ஆனால் பாட்டைக் கேட்டிருப்பார்கள். வேலியோரம் நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவருடைய செல்போனில் ‘கண்மணி அன்போடு காதலன்’ ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பாட்டுக்காக 2024 மே மாதம் ஒரு வக்கீல் நோட்டீஸ் போனது. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தில் தன் பாட்டைத் தன் அனுமதியில்லாமல் பயன்படுத்திவிட்டார்கள் என்று இளையராஜா தரப்பு சொன்னது. உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களிடம் முறையாக அனுமதி வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்று தயாரிப்பாளர் தரப்பு சொன்னது. அன்றிலிருந்து டீக்கடைகளில் இரண்டு கட்சி. “காசு கொடுத்து வாங்கித்தானே போட்டாங்க, அப்புறம் எதுக்கு நோட்டீஸ்?” என்பது ஒரு கட்சி. “மெட்டுப் போட்டது அவரு, அவரைக் கேக்காம எப்படிப் போடலாம்?” என்பது மறு கட்சி.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. ‘பாட்டு’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதைச் சட்டம் பல துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சொந்தக்காரரை வைத்திருக்கிறது. சண்டை முளைப்பது அந்தப் பிரிவில்தான். அதை விளங்கிக்கொள்ள, முதலில் பாட்டு எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

கடிதம் எழுதத் தெரியாதவனின் கடிதம்

‘குணா’ 1991 தீபாவளிக்கு, நவம்பர் 5 அன்று வந்தது. அன்றைக்கே ‘தளபதி’யும் வந்தது, இரண்டுக்கும் இசை இளையராஜா. ‘குணா’வை இயக்கியவர் சந்தான பாரதி. வசனம் பாலகுமாரன், ஒளிப்பதிவு வேணு. படத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் ‘மதிகெட்டான் சோலை’. நாயகன் மனநிலை பிறழ்ந்தவன். அபிராமி என்ற தேவதை தனக்காக வருவாள், பௌர்ணமியில் அவளோடு தனக்குத் திருமணம் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவன். ஒரு பெண்ணைப் பார்த்து இவள்தான் அபிராமி என்று முடிவு கட்டி, அவளை மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான்.

அந்த மலையில் பிறப்பதுதான் இந்தப் பாட்டு. வரிகள் வாலி, பாடியவர்கள் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும். காதலிக்குக் கடிதம் எழுத வேண்டும், ஆனால் அவனுக்கு எழுத வராது. அவன் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள். தனக்கு வரவேண்டிய காதல் கடிதத்தைத் தானே எழுதிக்கொள்ளும் காதலி. இதற்கு மேல் ஒரு பாட்டுக்குச் சூழ்நிலை தேவையில்லை.

பாட்டின் கட்டுமானமே அந்தச் சூழ்நிலையிலிருந்துதான் வருகிறது. அவன் பேச்சுநடையில் தட்டுத் தடுமாறிச் சொல்கிறான். அவள் அதை மெட்டில் ஏற்றிப் பாடிக் காட்டுகிறாள். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று இன்லேண்டு லெட்டர் எழுதிய தலைமுறைக்குப் பழகிய சௌக்கிய விசாரிப்பு பல்லவியிலேயே வந்துவிடுகிறது. அவன் சொன்னது கொச்சை. அவள் பாடும்போது அது கவிதை. இடையில் உடம்புக் காயங்களைப் பற்றி, அவை தாமாகவே ஆறிப்போவதைப் பற்றிச் சொல்கிறான். தன் துக்கம் அவளைத் தாக்கிவிடுமோ என்று நினைத்த மாத்திரத்தில் அழுகை நின்றுவிட்டது என்கிறான். வாலி எத்தனையோ சாமர்த்தியமான பாட்டுகள் எழுதியவர். இதில் சாமர்த்தியத்தை ஒளித்து வைத்திருப்பதுதான் அவருடைய பெரிய சாமர்த்தியம் என்பது என் எண்ணம்.

மதுரைப் பக்கம் கல்யாண வரவேற்பில் ஆர்கெஸ்ட்ரா வைத்தால் இந்தப் பாட்டுக்கு ஒரு சடங்கே உண்டு. பாடகர் மேடையோரம் கிடக்கும் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கடிதம் மாதிரி விரித்துப் பிடித்துக்கொள்வார். பேச்சுப் பகுதியில் கீபோர்டுக்காரர் கையைத் தூக்கிவிடுவார். ரிதம் பேட் நிற்கும். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருப்பவர்கூட ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்பார். குரல் சுமாராக இருந்தாலும் பேச்சு சரியாக விழுந்தால் பாட்டு ஜெயித்துவிடும். நல்ல குரல் இருந்து, பேச்சை ஒப்பித்தால் தோற்றுவிடும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மெட்டு, வரி, பேச்சு, இரண்டு குரல்கள், பின்னணி வாத்தியங்கள் என்று இந்தப் பாட்டு ஒட்டுப் போட்ட இடங்கள் வெளியே தெரியும்படி இருக்கிறது. உரிமைச் சட்டத்தை விளக்க இதைவிட வசதியான பாட்டு கிடைப்பது கஷ்டம்.

குகைக்குப் பெயர் வைத்த படம்

கொடைக்கானல் 1985 வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு திண்டுக்கல்லுக்குப் போனது. இளையராஜாவின் சொந்த ஊரான பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம். படம் வந்த 1991இல் அதுவும் மதுரை மாவட்டமே. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் வத்தலக்குண்டு வழியாக மலையேறி விடலாம், ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இந்தச் சண்டையை மதுரைக்காரர்கள் பங்காளிச் சண்டை மாதிரிப் பேசுவதில் ஆச்சரியம் இல்லை.

குகைக்கு ஆங்கிலேயர் காலத்துப் பெயர் ‘டெவில்ஸ் கிச்சன்’, பிசாசின் அடுப்படி. 1821இல் பழநி மலையை அளந்த பி.எஸ். வார்டு என்ற அதிகாரியின் பெயரோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். பாறைகளுக்கு இடையே ஆழம் தெரியாத பிளவுகள் கொண்ட இடம். படம் இங்கே எடுக்கப்பட்ட பிறகு பிசாசு போய்விட்டது, குணா வந்துவிட்டான். பலர் உள்ளே விழுந்து இறந்ததால் வழியை அடைத்தார்கள்.

2006இல் கொச்சிப் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் அந்தப் பிளவுக்குள் விழுந்துவிட, இன்னொருவர் கயிறு கட்டி இறங்கி அவரை உயிரோடு மீட்டார். அந்தச் சம்பவத்தை சிதம்பரம் என்ற இயக்குநர் படமாக்கி 2024 பிப்ரவரியில் வெளியிட்டார். (படத்தில் பார்த்து நாம் நடுங்கிய குகையின் உட்புறம் பெரும்பாவூரில் போட்ட செட்.) உலக அளவில் 200 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மலையாளப் படம் அது. அந்த வசூலில் தமிழ்நாட்டின் பங்கு பெரியது. மதுரைத் தியேட்டர்களில் மலையாள வசனத்துக்கு அமைதியாக இருந்த கூட்டம், விழுந்தவன் மேலே வருகிற கட்டத்தில் பழைய கேசட் ஒலியில் கமலின் குரல் வந்ததும் எழுந்து நின்றது. காதலிக்கு எழுதிய கடிதம் அங்கே சிநேகிதனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தக் கட்டத்தில் ஒலித்தது புதிதாகப் பாடிப் பதிவு செய்த பாட்டு அல்ல, 1991இன் அசல் ஒலிப்பதிவு. இது முக்கியம், கீழே மறுபடி வரும்.

ஒரு பாட்டுக்குள் எத்தனை சொத்து?

எங்கள் பக்கத்தில் புளியந்தோப்புக் கணக்கு ஒன்று உண்டு. நிலம் ஒருவர் பேரில் பட்டா. அந்த வருஷத்துக் காய்ப்பைக் குத்தகை எடுத்தவர் வேறொருவர். மரமேறி உலுக்குகிறவருக்குக் கூலி. ‘இந்தப் புளி யாருடையது?’ என்று கேட்டால், எந்தப் புளியை, எந்த நேரத்தில் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பாட்டையும் இப்படித்தான் பார்க்கிறது.

1. வரிகள். இவை இலக்கியப் படைப்பு. படைத்தவர் வாலி. காகிதத்தில் இருக்கும் அந்தக் கடிதத்துக்கு மட்டும் இந்த உரிமை.

2. மெட்டும் இசையும். இவை இசைப் படைப்பு. படைத்தவர் இசையமைப்பாளர். இந்தியச் சட்டம் இசைப் படைப்புக்கு இலக்கணம் சொல்லும்போது, இசையோடு சேர்த்துப் பாடப்படும் சொற்கள் அதில் அடங்காது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது. வரி தனி, மெட்டு தனி.

3. ஒலிப்பதிவு. ஸ்டூடியோவில் பதிவான அந்தக் குறிப்பிட்ட ஒலி. இதற்குச் சட்டம் படைப்பாளி என்று சொல்வது பாடியவரையோ இசையமைத்தவரையோ அல்ல, பதிவைத் தயாரித்தவரை. டேப்புக்குப் பணம் போட்டவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

4. பாடியவர்களின் உரிமை. கலைஞர்களுக்கான தனி உரிமை இந்தியச் சட்டத்தில் நுழைந்ததே 1994 திருத்தத்தில்தான். கமலும் ஜானகியும் இந்தப் பாட்டைப் பாடியபோது அப்படியொரு உரிமை ஏட்டிலேயே இல்லை.

5. படம். பாட்டுக் காட்சியோடு கூடிய திரைப்படம் தனியொரு சொத்து. அதுவும் தயாரிப்பாளருடையது.

இதில் எந்தத் துண்டைத் தொடுகிறோமோ அதன் சொந்தக்காரரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். மேடையில் நீங்களே பாடினால் 1, 2 மட்டும். ஸ்பீக்கரில் பழைய பதிவை ஓடவிட்டால் 3 சேரும். புதுப் படத்தில் அசல் பதிவை ஒட்டினால் 1, 2, 3 மூன்றையும் தொட்டாகிவிட்டது. மலையாளப் படம் செய்தது இந்த மூன்றாவது காரியம்.

மூன்றும் ஒரே கையில் இருந்தால் ஒரு கையெழுத்தோடு வேலை முடிந்தது. இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

1991இல் கேசட் கம்பெனிக்கு விற்றது என்ன?

அன்றைய வழக்கம் எளிமையானது. தயாரிப்பாளர் இசையமைப்பாளருக்குச் சம்பளம் பேசுவார், பாடலாசிரியருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று கொடுப்பார். படம் வருவதற்கு முன்பே ஆடியோ உரிமையை ஒரு கேசட் கம்பெனிக்கு மொத்தமாக விற்றுவிடுவார். கம்பெனி கேசட் அடித்து விற்கும். பிற்காலத்தில் ரிங்டோன் என்று ஒன்று வரும், யூடியூப் வரும், இன்னொரு மொழிப் படத்தின் உச்சக்கட்டத்தில் இதே பதிவை ஒட்டுவார்கள் என்று அந்தக் காகிதத்தை டைப் அடித்தவர் நினைத்திருக்க வழியில்லை.

அந்தக் காலத்தில் மதுரையில் கேசட் கம்பெனிக்காரர்களைத் தூங்கவிடாத எதிரி வேறு. அதுதான் ரெக்கார்டிங் சென்டர். நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து, ஏ பக்கம் இத்தனை பாட்டு, பி பக்கம் இத்தனை பாட்டு என்று எழுதி, காலிக் கேசட்டோடு கடையில் கொடுத்துவிட்டு வருவோம். இரண்டு நாள் கழித்துப் போனால் கேட்ட வரிசையில் பதிந்து வைத்திருப்பார்கள், மேலட்டையில் அழகான கையெழுத்தில் பாட்டுப் பட்டியலோடு. அறுபது நிமிஷக் கேசட்டில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால், “அண்ணே, தொண்ணூறு வாங்கியிருக்கணும்” என்பார் கடைக்காரத் தம்பி. அந்தப் பிரதிகளில் ஒன்றுக்காவது மேலே எண்ணிய ஐந்து பேரில் யாருக்கும் ஒரு பைசா போகவில்லை. அப்போது ஏன் யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை என்று இன்று கேட்பவர்கள், அனுப்ப வேண்டிய முகவரிகள் தெருவுக்கு நாலு இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

சட்டத்துக்கு வருவோம். சினிமாப் பாட்டின் முதல் உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1977இல் ஒரு பதில் சொன்னது. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் உரிமைத்தொகையை வசூலிக்க 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்துக்கும் கிழக்கிந்தியப் படத் தயாரிப்பாளர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு அது. தயாரிப்பாளர் பணம் கொடுத்து ஒரு படத்துக்காக மெட்டும் வரியும் போடச் சொன்னால், ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாதவரை, முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்பது தீர்ப்பு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்போடு உடன்பட்டாலும், பாட்டைப் படைத்தவர்களுக்கு இது நியாயமில்லை, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். நாடாளுமன்றம் கவனிக்க 35 ஆண்டுகள் ஆயின.

2012 திருத்தம்தான் அது. மாநிலங்களவையில் இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். அந்த ஆண்டு ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம்: பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை விற்றாலும், தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஓடுவதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் வரும் ராயல்டியில் தங்களுக்குரிய சம பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அந்த எழுத்து செல்லாது.

ஆனால் ‘குணா’ 1991. ஒப்பந்தம் 1977 தீர்ப்பின் நிழலில் போட்டது. பயன்பாடு 2012க்குப் பிந்தியது. பழைய காகிதத்துக்குப் புதுச் சட்டம் எவ்வளவு தூரம் பாயும் என்பதில்தான் வக்கீல்கள் முட்டிக்கொள்கிறார்கள்.

டாலி பார்ட்டன் தர மறுத்த பாதி

இந்தத் துண்டுக் கணக்கு காசாகும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க, ஊர் எல்லை தாண்டி ஓர் உதாரணம் போதும். ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. விட்னி ஹூஸ்டன் தொண்டை கிழியப் பாடிய காதல் பிரிவுப் பாட்டு என்றுதான் நம்மூர் எஃப்.எம். கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டு காதலனுக்கு எழுதியதல்ல. கிராமியப் பாடகி டாலி பார்ட்டன், தன்னைத் தொலைக்காட்சியில் அறிமுகப்படுத்திய போர்ட்டர் வாகனர் என்ற மூத்த பாடகரின் நிகழ்ச்சியில் 1967இலிருந்து பாடிக்கொண்டிருந்தார். தனியாகப் போக வேண்டும், அவரோ விடவில்லை. பேசித் தீரவில்லை என்றதும் 1973இல் வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டை எழுதி, மறுநாள் வந்து பாடிக் காட்டினார். நடைமுறையில் அது ஒரு ராஜினாமாக் கடிதம். 1974இல் வெளியாகி அமெரிக்கக் கிராமிய இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பிறகு எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாட விரும்பினார். அந்தக் காலத்தில் எல்விஸ் பாடினால் அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும். ஆனால் பதிவுக்கு முன்பாக அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கர் ஒரு நிபந்தனை வைத்தார்: பாட்டின் வெளியீட்டு உரிமையில், அதாவது நம் கணக்கில் 1, 2 எண்களில், பாதியை எழுதிக் கொடுக்க வேண்டும். டாலி மறுத்தார். இரவெல்லாம் அழுததாகப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எல்விஸ் பாடவில்லை.

1992இல் ‘தி பாடிகார்ட்’ படத்துக்கு வேறொரு பாட்டை வைத்திருந்தார்கள். அது இன்னொரு படத்தில் வந்துவிட்டதால், நாயகன் கெவின் காஸ்ட்னர் இந்தப் பாட்டைச் சொன்னார். வாத்தியமே இல்லாமல் குரலில் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவர்தான். விட்னி பாடியது அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 14 வாரம் முதலிடம்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. சாதாரண வானொலியில் பாட்டு ஒலித்தால், பாட்டை எழுதியவருக்கு ராயல்டி போகும். பாடியவருக்கும் ஒலிப்பதிவுக்காரருக்கும் எதுவும் போகாது. அந்த 14 வாரமும் ஒவ்வொரு நிலையமும் விட்னியின் குரலை ஒலிபரப்பி டாலிக்குக் காசு கொடுத்தது. இருபது வருஷத்துக்கு முன்பு பாதியை எழுதிக் கொடுத்திருந்தால் அதில் பாதி எல்விஸ் தரப்புக்குப் போயிருக்கும்.

டாலி பாட்டை எழுதும்போதே உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். தமிழ் சினிமாவில் 1991இல் அப்படி வைத்துக்கொள்ளும் வழக்கம் அரிது. ஆகவே அவருடைய கதையைக் காட்டி ‘பார்த்தீர்களா, படைத்தவனுக்கே எல்லாம்’ என்று வாதாட முடியாது. அங்கே ஜெயித்தது கையெழுத்துப் போடாத ஒரு காகிதம். இங்கே தேட வேண்டியது கையெழுத்துப் போட்ட காகிதத்தை.

நோட்டீஸுக்குப் பின்னால் இருக்கும் தர்க்கம்

இப்போது இரு தரப்பையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

1. மலையாளப் படத்துக்கு அசல் ஒலிப்பதிவு தேவைப்பட்டது. அதன் சொந்தக்காரர் இசை நிறுவனம். அவர்களிடம் அனுமதி வாங்கியாயிற்று என்கிறார்கள். ஒலிப்பதிவைப் பொறுத்தவரை இது சரியான கதவு.

2. ஒலிப்பதிவுக்குள் மெட்டும் வரியும் இருக்கின்றன. 1977 தீர்ப்புப்படி அவை முதலில் தயாரிப்பாளருடையவை. அவர் எல்லாவற்றையும் நிறுவனத்துக்கு விற்றிருந்தால், அதே கதவில் வாங்கிய அனுமதி அவற்றுக்கும் பொருந்தும்.

3. மெட்டின் உரிமையை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவே இல்லை என்று இசையமைப்பாளர் நிறுவினால், இரண்டாம் படி உடைந்துவிடும். அப்போது நிறுவனத்திடம் வாங்கிய அனுமதி டேப்புக்கு மட்டும்தான்.

4. உரிமையை விற்றிருந்தாலும்கூட, தன் படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமையும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் படைப்பாளியிடமே தங்கும். சட்டத்தின் 57ஆம் பிரிவு. தார்மீக உரிமை என்பார்கள்.

நான்காவதை வைத்துப் பலர் எல்லாவற்றையும் சாதித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பாட்டை வெட்டி ஒட்டி, கேலிக்கு ஆளாக்கினால் அது வலுவான ஆயுதம். உள்ளது உள்ளபடி, உச்சக்கட்டத்தில், மரியாதையோடு ஒலிக்கவிட்டதைச் சிதைவு என்று நிரூபிப்பது கடினம். ஆகவே இந்தப் பாட்டில் பாரம் முழுவதும் மூன்றாம் எண்ணின் மேல்தான்.

வரி எழுதியவரின் பக்கம் இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படுவதில்லை. இளையராஜாவின் சுமார் 4,500 பாடல்கள் தொடர்பான வேறொரு வழக்கு 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, வரிகள் இல்லாமல் பாட்டு ஏது, பாடலாசிரியரும் உரிமை கேட்டு வந்தால் என்ன ஆகும் என்று நீதிபதிகளே கேட்டார்கள். ‘கண்மணி’யைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி இரட்டிப்பு நியாயம். கடித வாசகம் இல்லாமல் அந்த மெட்டை மட்டும் நாதஸ்வரத்தில் வாசித்தாலும், கேட்பவர் மனசுக்குள் கமல் பேசிக்கொண்டுதான் இருப்பார்.

நோட்டீஸ் என்பது தீர்ப்பு அல்ல, கேள்வி மட்டுமே. இடைக்காலத் தடையும் முடிவான பதில் அல்ல. 2025 செப்டம்பரில் ‘குட் பேட் அக்லி’ படத்தில் வந்த இளையராஜா பாடல்களுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும், ‘அவர் ஜெயித்துவிட்டார்’ என்று எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். முழு விசாரணை முடியும்வரை கை வைக்காதே என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை.

மண்டபத்தில் பாடினால் என்ன ஆகும்?

ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கேட்கும் கேள்வி இதுதான். 2017இல் அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது என்றால், உசிலம்பட்டி மண்டபத்தில் பாடுகிற நமக்கு என்ன கதி என்ற பயம்.

1. கல்யாணம், ஊர்வலம், வரவேற்பு. பயம் வேண்டாம். உண்மையான சமயச் சடங்குகளில் பாட்டைப் பாடுவதும் ஒலிக்கவிடுவதும் மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அதன் விளக்கமே கூறுகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் துறையும் இதை அறிவிப்பாக வெளியிட்டது. கோயில் திருவிழாவுக்கும் இதே பிரிவுதான்.

2. டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரி. இங்கே அனுமதி வேண்டும். கேட்க வேண்டியது பாடகர் அல்ல, நிகழ்ச்சியை நடத்துகிறவர். எஸ்.பி.பி. விவகாரத்தின் மையமும் காசு வாங்கி நடத்தும் கச்சேரி என்பதே.

3. ஓட்டல், துணிக்கடை, டவுன் பஸ். பழைய பதிவை ஓடவிடுவது பொதுமக்களுக்கு ஒலிபரப்புவதாகவே கொள்ளப்படும். லைசென்ஸ் இல்லாமல் ஓடவிடுகிற கடைகள்தான் ஏராளம். யாரும் கேட்காததால் உரிமை வந்துவிட்டதாக ஆகாது.

4. ரீல்ஸ். குணா குகை வேலியோரம் நின்று நாம் போடும் முப்பது விநாடி வீடியோவுக்கு, அந்தச் செயலியும் இசை நிறுவனங்களும் ஏற்கெனவே போட்டிருக்கும் ஒப்பந்தம்தான் குடை. செயலியின் பட்டியலிலிருந்து பாட்டை எடுத்தால் குடைக்குள் இருக்கிறோம். கடை விளம்பரத்துக்குப் போட்டால் குடை விலகிவிடும்.

எப்போது பொதுச் சொத்தாகும்?

இந்தப் பாட்டு ஒரே நாளில் விடுதலை ஆகாது. துண்டு துண்டாகத்தான் ஆகும்.

ஒலிப்பதிவுக்கு ஆயுள், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1991 பதிவு 2051 டிசம்பர் 31 வரை யாரோ ஒருவருடைய சொத்து. 2052 புத்தாண்டில் டேப்பில் இருக்கும் ஒலி எல்லாருக்கும் பொது. வரிகளுக்கு ஆயுள், எழுதியவர் இறந்ததிலிருந்து 60 ஆண்டுகள். வாலி 2013 ஜூலையில் மறைந்தார். ஆகவே கடிதம் 2073 முடியும்வரை பூட்டில் இருக்கும். ஒலி பொதுவாகிவிட்ட பிறகும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு, அதில் கேட்கும் சொற்களுக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

மெட்டுக்கும் அதே 60 ஆண்டுக் கணக்குத்தான். ஆனால் அதன் கடிகாரம் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இன்றும் மெட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.